இருங்காட்டுக்கோட்டையில் ஒரு போர்க்கப்பல்

"கப்பல் எங்கடா?"

பளார்!

அப்பாவுவின் கன்னத்தில் இன்ஸ்பெக்டர் தணிகாசலத்தின் விரல்கள் பதிந்தன.

"சத்தியமா தெரியாது சார்! வல்லக்கோட்டை முருகன் மேல ஆணை!"

எதிர் நாற்காலியில் இஞ்சினியர் பாஷ்யம். புகார் கொடுத்தவரே அவர்தான்.

கடலே இல்லாத ஸ்ரீபெரும்புதூரில் கப்பல் களவா? ஆமாம்! 1991 நவராத்திரியில் அதுவும் நடந்தது. கடற்படைக்காக இருங்காட்டுக்கோட்டை ஷெட்டில் தேக்கு மரத்தில் ரகசியமாகச் செய்த மாதிரி வடிவம் அது. விமானம் தாங்கிக் கப்பல்! தச்சு வேலை அப்பாவு... டிசைன் பாஷ்யம்.

"சின்னக் கப்பல்தானே சார்? அதுல இன்னா ரகசியம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சின்னதா இருக்கறதுதான் ரகசியமே! முன்பக்கம் மேடா வளைஞ்சிருக்கும். குட்டித் தளத்துல ஓடி, அப்படியே எகிறிப் பறந்துடும் போர் விமானம். லிஃப்ட் எங்கே, அடித்தளத்துல எத்தனை விமானம் நிக்கும்... பார்த்தாலே தெரிஞ்சுடும். நாளைக்கு நேவி ஆபீசர் வரார் சார்!"

"பூட்டு?"

"உடையலை. மெட்ராஸ் போயிட்டு இன்னிக்குக் காலம்பற நேரா ஷெட்டுக்கு வந்தேன். இவன்தான் திறந்து விட்டான். கப்பல் இல்லை. சாவி இவன்கிட்டதான் இருந்தது!"

"வேற சாவி?"

"என் ஆத்துல தொங்கறது."

இன்ஸ்பெக்டர் மறுபடி கையை ஓங்கினார்.

ட்ரிங்...! ட்ரிங்...!

போனில் அவர் மனைவி காந்திமதி.

"கொலுவுக்குப் போனியா? யாரு வூடு...? இன்னாது!"

ரிசீவரை வைத்தார். பாஷ்யத்தை முறைத்தார்.

"உங்க வூட்டுக் கொலுவுல, மூக்கு தூக்கின மரக்கப்பல் கீதாம்! ஊரே பாத்துட்டு வருதாம்! நீங்களே கொலுவுக்குன்னு செஞ்சதாமே?"

பாஷ்யத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

போன மாதம் ஷெட்டுக்கு வந்த மனைவி வேங்கடலக்ஷ்மி, "ஏன்னா, இது என்ன?" என்று கேட்டாள். ரகசியம் காக்க அவிழ்த்துவிட்டார் ஒரு பொய்.

"கொலு பொம்மைடி!"

நம்பிவிட்டாள்... வீட்டில் தொங்கிய ஷெட் சாவியோடு போய்த் தூக்கி வந்துவிட்டாள்!

அப்பாவுவின் கன்னம் வீங்கியிருந்தது. பாஷ்யத்தால் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வீட்டில் ஒரு வார்த்தை கேட்டாரா? தச்சன் என்றதும் திருடன் என்று முடிவு கட்டிவிட்டாரே! வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்பாவு... என் மூஞ்சியில காறித் துப்புப்பா."

அப்பாவு கன்னத்தைத் தடவிக்கொண்டே எழுந்தான்.

"துப்பறது கெடக்கட்டும் சார்... நாளைக்கு நேவி ஆபீசர் வந்தா, வெத்தலை பாக்கு, சுண்டல் குடுத்து அனுப்புங்க!"