மடுவம் பதில் சொல்கிறது

பின்னேரத்திலேயே இருட்டிவிட்டது. யட்டியாந்தோட்டைக்கு மேலே, அந்த றப்பர்த் தோட்டத்தின் றப்பர் உலர்த்திக் கைவிடப்பட்ட புகைக்கூட்டில் மழை தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. சுவர்களில் ஊறிப்போன புகையும், புளித்த றப்பர்ப் பாலும் மூக்கை அரித்தன. ஃபெக்டரி ஜெனரேட்டரின் தயவில் எரிந்த கணினித் திரைக்கு முன்னால் கிருஷாந்த் உட்கார்ந்திருந்தான். கீழ் டிவிசனில் கரண்ட் இல்லை. அங்கே, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் வைத்த கணினி செத்துக் கிடக்க வேண்டும். ஆனால் அது பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கம்பனி கழித்துவிட்ட பழைய கணினிகளைக் கம்பியால் பிணைத்து, மலை எப்போது சரியும் என்று கணக்கிட வைத்தவன் அவன்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், பள்ளிக்கூடம், மடுவம் என்று ஒவ்வொன்றுக்கும் மலையில் ஒரு பங்கு. ஆபத்தென்றால் ஃபெக்டரிச் சங்கு தானாக ஊதும். எல்லாம் கூடி வேலை செய்வதற்கான மென்பொருள் நூலகத்தை அவனே கட்டி, ஒவ்வொரு கணினியிலும் ஏற்றியிருந்தான். ஒரே தொல்லை, ஒன்று வாயை மூடினால் மற்றதெல்லாம் அதற்காகக் காத்து நிற்கும்.

பெரட்டுக் களத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கா வழி தெரியாது? காலையில் கங்காணி பேர் கூப்பிடும்போது, வராதவளின் நாட்சம்பளம் போய்விடாமல் பக்கத்தில் நிற்பவள் "இருக்கேன்" என்று குரல் கொடுப்பாள். அதையே நூலகத்துக்குள் எழுதிவிட்டான். ஒரு கணினி ஊமையானால், பக்கத்துக் கணினி அதன் பழைய கணக்கை நீட்டி "இருக்கேன்" என்று சொல்லிவிடும். பெரிய கெட்டிக்காரன் என்று தன்னையே மெச்சிக்கொண்டான், பாவி.

வாசலில் நனைந்துபோய் நின்றார் காத்தமுத்து, ஃபெக்டரி வாட்சர்.

"தம்பி, மடுவத்துப் பக்கம் என்னமோ பெருசா விழுந்த சத்தம் கேட்டுச்சு. ஒங்க பெட்டி ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லண்ணே. அங்க மண்ணு நல்லாத்தான் இருக்குன்னு காட்டுது."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. காட்டுவது பழைய கணக்கு. மடுவத்தில் பிள்ளை பார்ப்பது அவன் மனைவி தர்மிளா.

"ஓடிப்போய்ப் பாருங்கண்ணே. தர்மிளா அங்கதான் இருக்கா. நான் மத்த லயத்துக்குச் சங்க ஊத வச்சிட்டு வந்துர்றேன்."

காத்தமுத்து மழைக்குள் மறைந்தார். கிருஷாந்த் தான் எழுதிய அந்தப் பகுதியை அழித்து, ஒன்று பேசாவிட்டால் காத்து நிற்காமல் அதையே ஆபத்தென்று எடுக்கும்படி மாற்றினான். நூலகத்தை மறுபடி கட்டினான். எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பினான். இனி யாருக்காகவும் யாரும் குரல் கொடுக்க முடியாது. மடுவம் பேசாமல் இருக்கும். சங்கு ஊதும்.

ஒவ்வொன்றாகக் கூப்பிட்டான். மேட்டு லயம். இருக்கேன். பள்ளிக்கூடம். இருக்கேன்.

மடுவம்.

இருக்கேன்.

கீழே போகும் கம்பியைப் பிடுங்கி எறிந்தான். மறுபடி கூப்பிட்டான்.

இருக்கேன்.

திரை தானாக நகர்ந்தது. அவன் எழுதாத பேர்கள் வந்தன. மடுவத்துப் பிள்ளைகளின் பேர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே பதில். புகை வாடை போய்விட்டது. இப்போது வெட்டிய குழியின் ஈர மண் வாடை. பின்னாலிருந்து வந்தது.

திரும்பக் கூடாது என்று நினைத்தான். திரும்பினான்.

வாசலில் வரிசை. சின்னவர்கள் முன்னால். யாரும் அழவில்லை. கண்ணில் மண். வாயில் மண். கடைசியில் தர்மிளா, இடுப்பில் ஒரு பிள்ளையோடு.

வெளியே மழைக்குள்ளிருந்து யாரோ பேர் கூப்பிட்டார்கள். வரிசை ஒவ்வொருவராகப் பதில் சொன்னது.

பிறகு அவன் பேர்.

கிருஷாந்த் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். மூச்சைக்கூட விடவில்லை. தர்மிளா மெதுவாக வந்து அவன் பக்கத்தில் நின்றாள். புருஷனின் நாட்சம்பளத்தைக் காப்பாற்ற வந்தவளின் அதே பரிவோடு அவனைப் பார்த்தாள். மண் உதிர வாயைத் திறந்தாள்.

"இருக்கேன்" என்றாள், அவனுடைய குரலில்.