கூவிய திசை

சிவனேசன் பாதி முகம் மழித்திருந்தபோது குளியலறையின் சின்ன ஜன்னல் வழியாக ஒரு வான்கோழிச் சேவலின் கூவல் கேட்டது. ஆக்லாந்தின் கரையோரப் புறநகரான பிளாக்ஹவுஸ் பேயில் வான்கோழிகள் கிடையாது.

தொண்டைக்குள் கூழாங்கற்களைப் போட்டு உருட்டுவதுபோலக் கொளகொளவென்று எழுந்து, மேலேறி, சட்டென்று உடைந்து அடங்கும் சத்தம். மனுகாவ் கழிமுகத்தின் தண்ணீருக்கு மேலாக, அக்கரையிலிருந்து தேய்ந்து தேய்ந்து வந்தது. வெளியே இன்னும் வெளுக்கவில்லை. அக்டோபர் மாதத்துக் குளிரும், கடல் வற்றிக் கிடந்த சேற்றின் வாடையும் ஜன்னல் வழியே உள்ளே வந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டு மரத்தில் கருங்குருவிகள் பாடிக்கொண்டிருந்தன. அவை பாட்டை நிறுத்தவில்லை. அதுதான் அவருக்கு முதலில் உறைத்தது. பண்ணையில் ஒரு சேவல் கூவினால் சுற்றியிருக்கும் பறவைகள் எல்லாம் ஒரு கணமாவது வாயடைத்துப் போகும். இங்கே கூவல் கேட்டது, முடிந்தது, மறுபடி கேட்டது. குருவிகளோ அப்படியொரு சத்தமே இல்லாததுபோல அதன்மேலேயே பாடிக்கொண்டு போயின.

மூன்று தரம் கூவியது. கொஞ்சம் ஓய்ந்தது. மறுபடி மூன்று.

சோப்பு நுரை முகத்தில் காய்ந்து தோலை இழுக்கும்வரை அவர் அசையாமல் நின்றார். மூன்று மூன்றாக வரும் அந்தக் கூவலை அவர் ஒரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறார். கேட்டதாக யாரிடமும் சொன்னதில்லை.

அவரும் ராஜூவும் ஈப்போவிலிருந்து ஒரே வருஷம் ஆக்லாந்துக்கு வந்தவர்கள். ஒனிஹங்காவில் ஒரே தொழிற்சாலையில் மின்சாரப் பிரிவில் வேலை. வேட்டை ஆசை ராஜூவுடையது. கழிமுகத்துக்கு அக்கரையில் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர், தம் நிலத்தில் காட்டு வான்கோழிகள் பெருகிவிட்டதால், வந்து சுட்டுக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்திருந்தார். செப்டம்பர், அக்டோபரில் அங்கே வசந்தம் வந்தால் சனிக்கிழமை விடியலில் இருவரும் அங்கே இருப்பார்கள். ராஜூ அமெரிக்காவிலிருந்து தபாலில் ஒரு ரப்பர் குழல் வரவழைத்திருந்தான். அதை வேகமாக ஆட்டினால் அச்சு அசலாகச் சேவலின் கூவல் வரும். வசந்தத்தில் ஒரு சேவலுக்குத் தன் எல்லைக்குள் இன்னொன்றின் குரல் கேட்டால் பொறுக்காது. சிறகைப் பரப்பிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடும். பெட்டையின் குரலுக்கு மசியாத கிழட்டுச் சேவல்கூட இதற்கு வரும் என்பான் ராஜூ.

ஆனால் அது ஆபத்தான வித்தை. துப்பாக்கியோடு திரியும் இன்னொருவன் அந்தச் சத்தத்தை நிஜப் பறவை என்று நினைத்து நெருங்கலாம். நெருங்குகிறவனின் அசைவைப் பார்த்துக் கூவியவனே சுட்டும் விடலாம். ஆகவே ராஜூ முதல் நாளே ஒரு விதி போட்டான். ஆளுக்கொரு மேடு. கூவல் கேட்ட திசைக்கு ஒருவரும் போகக் கூடாது, எது நடந்தாலும். ஒன்பது மணிக்கு வண்டியடியில் சந்திக்க வேண்டும்.

போன வசந்தத்தில் ஒருநாள் ஒன்பது மணிக்கு ராஜூ வரவில்லை. தேடிப் போனபோது பதினொன்றாகிவிட்டது. மழையில் இளகிய களிமண் கரை சரிந்து, பள்ளத்தில் விழுந்திருந்தான். தொடையெலும்பு முறிந்து, விலா நுரையீரலில் குத்தி, கத்துவதற்குக் குரலில்லாமல் கிடந்திருக்கிறான். துப்பாக்கி கரைமேலேயே கிடந்தது. கையில் குழல் மட்டும் இருந்தது. விழுந்த பிறகு இரண்டு மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். எட்டு மணிவரை இருந்திருக்கலாம்.

ராஜூவின் மனைவி ஷாமளா அன்று கேட்டது ஒரே கேள்விதான். கூப்பிட்டாரா, கேட்டுச்சா என்று. காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது, ஒன்றும் கேட்கவில்லை என்று சிவனேசன் சொல்லிவிட்டார். போலீஸிடமும் அதையே சொன்னார். பிறகு துப்பாக்கியை விற்றுவிட்டார்.

இந்த வருஷம் முதல் கூவல் கேட்ட செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு அவர் மனைவி பங்கஜம் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்து வந்தாள். ஏதாவது சத்தம் கேட்டதா என்று கேட்டதற்கு, டூயி பறவையாக இருக்கும், அது கார் அலாரத்தைக்கூடத் திருப்பிச் சொல்லுமே என்றாள். அவர் அதை நம்ப முயன்றார். அன்று வேலையில் இரண்டு தரம் தப்பான கம்பியை வெட்டினார்.

புதன்கிழமை விடியலில் கூவல் இக்கரைக்கு வந்திருந்தது. படகுகளை இறக்கும் சரிவில், அலை மெதுவாகக் கல்லில் உரசும் இடத்தில், மூன்றும் ஓய்வும் மூன்றுமாகக் கேட்டது. வியாழக்கிழமை பின்வேலிக்கு வந்துவிட்டது. அவர் சமையலறைத் திரைக்குப் பின்னால் விளக்கைப் போடாமல் நின்றிருந்தார். குளிர்சாதனப் பெட்டி முனகி ஓய்ந்ததும், வேலிக்கு அந்தப் பக்கம், கூவலுக்கும் கூவலுக்கும் நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. யாரோ தண்ணீருக்குள்ளிருந்து மூச்சை இழுப்பதுபோல. இழுத்து, பாதியில் நின்று, குமிழியிட்டு, மறுபடி இழுப்பதுபோல.

கதவைத் திறந்து பத்து எட்டு வைத்தால் வேலி. அவ்வளவுதான். பூட்டில் கை வைத்தார். கூவல் கேட்ட திசைக்குப் போகக் கூடாது என்று மனசு பழைய விதியை எடுத்து நீட்டியது. கையை எடுத்துக்கொண்டார். வெளிச்சம் வந்ததும் சத்தம் அடங்கியது. வேலியோரப் புல்லில் ஒன்றுமில்லை, பனிகூடக் கலையவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் நான்கரை மணியிலிருந்தே நாற்காலியில் காத்திருந்தார். பின்வேலியில் கேட்கவில்லை. கடற்கரையில் கேட்கவில்லை. ஒழிந்தது என்று எழுந்தபோது வாசல் பக்கம் கேட்டது. தெருவுக்கு அப்பால். மேட்டுக்கு மேலே. அவர் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடிவந்து நின்றார். அது விலகிப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூன்றுக்கும் இன்னும் கொஞ்சம் தொலைவாக, வடமேற்காக, கிளென் ஈடன் இருக்கும் திசையில்.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அது அவரிடம் வந்ததல்ல. வழியில் ஒருநாள் நின்று கேட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். தன் வீட்டுக்குப் போகிறது, ஷாமளாவிடம்.

மறுநாள் விடியுமுன் சிவனேசன் ஷாமளாவின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். கிளென் ஈடனில் மரச்சட்டமிட்ட பழைய வீடு. பின்பக்கம் நிலம் சரிந்து, பொங்கா என்னும் பெரணி மரங்களுக்கு நடுவே ஓர் ஓடையில் போய் முடியும். சமையலறையில் விளக்கு எரிந்தது. அவர் தட்டுவதற்குள் அவளே கதவைத் திறந்தாள். இரவு உடையின்மேல் மழைக்கோட்டும், காலில் முழங்கால்வரை ரப்பர் கம்பூட்ஸும் போட்டிருந்தாள். முகம் அழுது முடித்துத் துடைத்ததுபோல இருந்தது.

"வாங்கண்ணே," என்றாள். "உங்களுக்கும் கேக்குதா?"

அவர் தலையை மட்டும் அசைத்தார். நேற்று ரயில் பாதைப் பக்கம் கேட்டது என்றாள் அவள். நாலு வருஷம் கராஜில் நின்று அதை ஆட்டி ஆட்டிப் பழகியவர், எது கோழி எது அவர் என்று எனக்குத் தெரியாதா என்றாள். டீ போடப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்திருந்தாள்.

"நான் அன்னைக்குக் கேட்டேன் ஷாமளா," என்றார் சிவனேசன். "காத்து என் பக்கம்தான் அடிச்சுச்சு. கேட்டேன்."

பிறகு நிறுத்த முடியாமல் எல்லாவற்றையும் சொன்னார். ஆறு மணிக்குச் சற்று முன்னால் முதல் கூவல் கேட்டதையும், ராஜூ அளவுக்கு மீறிக் குழலை ஆட்டுகிறான், பறவைகளை விரட்டப் போகிறான் என்று எரிச்சல் பட்டதையும் சொன்னார். அப்புறம் அது மூன்று மூன்றாக மாறியது. எந்தச் சேவலும் அப்படிக் கூவாது. எந்த வேட்டைக்காரனும் அப்படி ஆட்ட மாட்டான். மூன்று மூன்றாக என்றால் ஆபத்தில் கிடப்பவன் உதவிக்கு அழைப்பது என்று அவருக்கு அப்போதே தோன்றியது. விதி நினைவில் இருந்தது உண்மைதான். ஆனால் அவரை உட்காரவைத்தது விதியல்ல. ராஜூவின் கூவலைக் கேட்டு ஒரு பெரிய சேவல், மார்பு மயிர் தரையில் புரள, எதிர்மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. கூவல் கேட்டபோதெல்லாம் நின்று, சிறகை விரித்துக் காட்டி, மறுபடி நடந்தது. அப்படியொரு பறவையை அவர் அதுவரை பார்த்ததில்லை. அசைந்தால் ஓடிவிடும். அது சுடும் தூரத்துக்கு வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் அவன் கூவிக்கொண்டிருந்தான். அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா எத்தன மணிக்குக் கேட்டுச்சு?"

"ஏழு அம்பது."

ஷாமளா அடுப்பை அணைத்தாள். "கோழிய என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டாள்.

"பண்ணைக்காரர்கிட்டக் குடுத்துட்டேன். திங்க முடியல."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கேட்டது.

பின்வாசலுக்குக் கீழே. சரிவில்.

மூன்று தரம்.

ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. கூவலின் முடிவில் அந்த மூச்சு. நனைந்த, கிழிந்த மூச்சு. மறுபடி மூன்று. இந்தத் தடவை இரண்டாவதே தளர்ந்து, மூன்றாவது பாதியில் நின்றது.

ஷாமளா பின்கதவைத் திறந்தாள். "போகாதம்மா," என்றார் அவர். அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். படியிறங்கிப் போய்விட்டாள்.

அவர் உட்கார்ந்திருந்தார். நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஈர மண்வாடை திறந்த கதவு வழியே உள்ளே வந்தது. கம்பூட்ஸ் சேற்றில் பதிந்து பதிந்து எழுந்தது. ஒரு கிளை ஒடிந்தது. பிறகு நடை நின்றது.

கூவலும் நின்றது.

அலறுவாள் என்று காத்திருந்தார். அலறல் வரவில்லை. வந்தது அவளுடைய பேச்சுக்குரல். வேலைவிட்டுத் தாமதமாக வந்த புருஷனிடம் பேசும் சாதாரணக் குரல். மெதுவாக என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்றிரண்டு சொற்கள்தான் மேலே வந்தன. இருங்க. அசையாதீங்க. பிறகு மூச்சுத் திணற, சற்று உரக்க:

"அண்ணே. ஒரு பக்கம் பிடிங்க. எனக்கு ஒத்தையா தூக்க முடியல."

சிவனேசனுக்குக் கால்கள் எழவில்லை. அன்று தன் மேட்டில் உட்கார்ந்திருந்தபோதும் அவை இப்படித்தான் இருந்தன. அன்றைக்கு அவற்றை அவர் குறை சொல்லவில்லை. இன்றைக்கு எழுந்தார். கதவு. படி. வழுக்கும் புல். பொங்கா இலைகளுக்கு அடியில் இன்னும் இருட்டு. அதற்குள் ஷாமளாவின் மழைக்கோட்டு மட்டும் வெளிறித் தெரிந்தது. அவள் குனிந்து, எதன் கக்கத்திலோ கை கொடுத்திருந்தாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஓடைப் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு, முழங்காலிட்டு, தோளைக் கொடுத்தார்.

ஒரு கை அவர் கழுத்தைச் சுற்றி விழுந்தது.

களிமண் வாடை. நனைந்த கம்பளி வாடை. எடை நிஜமான எடை; எண்பது கிலோ மனிதனின் எடை. தூக்கிய உடம்பின் ஒரு கால் நிலத்தில் பாவவில்லை. தொடையிலிருந்து தொங்கி, ஒவ்வொரு அடிக்கும் கல்லில் இடித்துக்கொண்டு வந்தது. இடிக்கும்போதெல்லாம் கழுத்தில் கிடந்த விரல்கள் இறுகின.

"வந்துட்டோம்ங்க," என்றாள் ஷாமளா மறுபுறத்திலிருந்து. அவள் அழுதுகொண்டிருந்தாள். "அதோ வீடு. வெளக்கு தெரியுது பாருங்க."

"ராஜூ," என்றார் சிவனேசன். அவருக்கே அடையாளம் தெரியாத குரல். "நான்தான்டா. வந்துட்டேன்."

அவர் விலாவோடு ஒட்டியிருந்த மார்பு மெல்ல மெல்ல விரிந்தது. குளிர்ந்த மூச்சு உள்ளே குமிழியிட்டு ஏறியது. காதோரம் ஏதோ திரும்பியது. வீட்டுப் பக்கம் அல்ல, அவர் பக்கமும் அல்ல. பின்னால், யாருமில்லாத இருட்டுச் சரிவின் பக்கம்.

கழுத்தில் கிடந்த கை, குழலை ஆட்டுவதுபோல ஆட ஆரம்பித்தது.

மூன்று தரம் கூவியது. ஓய்ந்தது. யாராவது வருகிறார்களா என்று காது கொடுத்தது. மறுபடி மூன்று.