நட்டைப் பிடித்த கை

புதிதாகக் குடிபோன வீட்டுக்கு அண்ணன் முதல் தடவையாக வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வேனில் தகரத் தகடுகளாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். மண்வெட்டி, தண்ணீர்க் குழாய் எல்லாம் போட்டுவைக்கத் தோட்டத்துக்கு ஒரு கொட்டகை. நாமே மாட்டிக்கொள்ளும் ரகம். என் பிறந்தநாள்கூட நினைவில்லாத மனிதர் பரிசோடு வந்து நிற்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தகடுகளின் ஓட்டைகளைச் சுற்றி ஏற்கெனவே கீறல்கள் இருந்தன.

"கடையில மாட்டிக் காட்டுன பீஸுடா. அதான் பெட்டி இல்ல," என்றார்.

அப்பா போன பிறகு என்னைக் கைப்பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவர். அவர் சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று போல்ட்டைத் திருக, இன்னொருவர் உள்ளே நட்டைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் இரண்டும் சேர்ந்தே சுற்றும். அண்ணன் உள்ளே போனார். சுவர்கள் நின்றன, கூரை ஏறியது. பின்சுவரில் கீழ்வரிசை போல்ட்டுகள் மட்டும் பாக்கி. நான் பின்பக்கம் போய்க் குத்தவைத்தேன்.

ஓட்டை வழியாக ஈர மண் வாடை வந்தது. மழை பெய்து எத்தனையோ நாளாகியிருந்தது.

போல்ட்டை நுழைத்தேன். உள்ளே நட்டு வந்து பொருந்தியது. திருகினேன், கிர்ரென்று இறுகியது. அடுத்த ஓட்டையில் நுழைக்கும் முன்பே நட்டு அங்கே காத்திருந்தது.

"என்னண்ணா, இன்னைக்கு இவ்ளோ வேகம்?"

அடுத்த போல்ட்டை எடுத்தேன்.

மூச்சு மட்டும் கேட்டது.

கடைசி போல்ட் இறுகிய அதே நொடியில், வாசல் பக்கம் வேன் கிளம்பும் சத்தம்.

ஓடினேன். ஓட்டுநர் இருக்கையில் அண்ணன்.

வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன். "அப்போ... உள்ள யாரு?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியாதுடா. பழசா வாங்கிட்டேன். பிரிச்சுப் போட்டும் உள்ள இருக்கிறது போகல. கடைசி போல்ட்ட யார் மாட்டுறாங்களோ அவங்களோடதான் இருக்குமாம். வித்தவன் அப்புறமாத்தான் சொன்னான்."

"தெரிஞ்சேவா கொண்டுவந்தீங்க?"

"என் பொண்ணுங்க பயந்துபோய் சாப்பிடக்கூட மாட்டேங்குதுங்கடா. நீ... நீ ஒண்டிக்கட்டைதானே."

தகரத்துக்கு அந்தப் பக்கம் கேட்ட மூச்சுக்குக்கூட நான் அவ்வளவு நடுங்கவில்லை. அந்த ஒரு வார்த்தையில் உடம்பே ஆடிப்போயிற்று. யாரைப் பலிகொடுக்கலாம் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவருக்கு என் முகம் தோன்றியிருக்கிறது.

வேன் போய்விட்டது.

பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. நானே பிரித்து, இன்றைக்கே அவர் வாசலில் கொண்டுபோய்க் கொட்டுகிறேன் என்று ஸ்பேனரை எடுத்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. கடைசியாக மாட்டிய போல்ட்டில் வைத்து இடப்பக்கம் அழுத்தினேன். கொஞ்சம் இளகியது.

உள்ளே ஏதோ நகர்ந்தது.

அதற்கு மேல் அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன். போல்ட்டின் முனையை உள்ளே பற்றியிருந்த பிடி, என் அண்ணனைப்போல் பாதியில் விட்டுவிட்டுப் போகிற பிடி அல்ல.

கையை எடுத்தேன்.

ஸ்பேனர் கீழே விழவில்லை. போல்ட்டிலேயே நின்று, மெல்ல, வலப்பக்கமாகத் திரும்பத் தொடங்கியது.