வாரேன்

“நான் வார வரைக்கும் நீங்க இருக்கணும் பெரியம்மா. சொல்லிட்டேன்.”

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள் சீனித்தாய். சாகக் கிடப்பவர்களிடம் எதை வேண்டுமானாலும் பேசு, இரு என்று மட்டும் கேட்காதே என்று பயிற்சியின் முதல் நாளே, குழுவை நடத்தும் ஷாம் சொல்லியிருந்தான். கேட்டதுகூடப் பெரிதில்லை. பல நாளாகக் கண் திறக்காமல், தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பது போன்ற மூச்சைத் தவிர வேறு சத்தமில்லாமல் கிடந்த செல்லக்கனி, கடைக்கு வந்தவளுக்குப் பதில் சொல்வது போலத் தெளிவாக, “சரி” என்றாள்.

சீனித்தாய் அந்த உதட்டையே பார்த்தாள். உலர்ந்த உதட்டின் மேல் அவள் வைத்த ஈரப்பஞ்சு அசையாமல் அப்படியே இருந்தது.

முத்தையாபுரத்தில் உப்பளத்துக்குப் போகிற பாதையில் கடைசி வீடு அது. செல்லக்கனியின் புருஷன் கடை நடத்திய காலத்தில் கருப்பட்டிச் சிப்பங்கள் அடுக்கியிருந்த அறையில்தான் அவளைப் போட்டிருந்தார்கள். சுவரில் ஊறிப்போன கருப்பட்டி வாசனை, டெட்டால் வாசனை, அவற்றுக்கு அடியில் புண்ணின் வாசனை, ஜன்னல் வழியாக வரும் உப்புக் காற்று எல்லாம் கலந்து, வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும் தலைமுடியில் தங்கியிருக்கும். படுக்கைப்புண் வராமல் இருக்க ஏர் பெட் போட்டிருந்தது. அதன் மோட்டார் ஒரு பக்கம் காற்றை ஏற்றி மறுபக்கம் இறக்கும்போதெல்லாம் அந்த மெலிந்த உடம்பும் சேர்ந்து ஏறி இறங்கும். உஸ்ஸ் என்று ஏறும். ஹா என்று இறங்கும்.

வீடு வீடாகப் போய் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறு குழுவில் சீனித்தாய் தன்னார்வலர். புண்ணைத் துடைப்பாள், நகம் வெட்டுவாள், மலம் அள்ளுவாள், வாய்க்குப் பஞ்சு நனைப்பாள். எல்லாவற்றையும் விட முக்கியமான வேலை ஒன்று இருந்தது: இவள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மகள் முருகேஸ்வரி அடுத்த அறையில் தூங்குவாள். அம்மா படுத்ததிலிருந்து அவளுக்குக் கிடைத்த தூக்கம் அது மட்டும்தான்.

“தண்ணி குடுங்க, தலை சீவி விடுங்க, பாட்டுப் படிங்க. இருங்கன்னு மட்டும் கேக்காதீங்க. கேட்டா இருக்கப் பாப்பாங்க, பாவம். போறவங்களுக்கு வழி விட்டு நிக்கதுதான் நம்ம வேலை” என்று பயிற்சியில் சொன்ன ஷாம், அவள் பக்கம் திரும்பி, “சீனி, நீ வாயே திறக்காத. நீ போடுத அதட்டல்ல பொணமே எந்திச்சு உக்காந்துரும்” என்றான்.

“நீ செத்துப் பாருலே. எழுப்புதேனா இல்லையான்னு தெரியும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அவளுடைய அம்மா உப்பளத்தில் உப்பு வாரியவள். அந்த வீட்டின் முதல் பட்டத்துக்குக் கடைசிப் பரீட்சையை சீனித்தாய் எழுதிக்கொண்டிருந்த மத்தியானம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா செத்துப்போனாள். அந்த ஒரு மத்தியானம் அம்மா இருந்திருக்கலாம். அதன் பிறகு இந்த வேலைக்கு வந்தால், இங்கேயும் எல்லோரும் இவள் தண்ணீர் குடிக்கப் போகிற நேரம் பார்த்தே செத்தார்கள். இன்றைக்கு அவளைக் கூப்பிட்டிருப்பது தன்னார்வலர்களுக்கான பாராட்டு விழாவுக்கு. எல்லாரையும் மேடையில் ஏற்றிச் சால்வை போட்டுவிட்டால் கட்டில் பக்கத்தில் எவன் இருப்பான் என்று ஷாமிடம் கத்தினாள். நீ வராவிட்டால் அடுத்த வருஷம் மெத்தை வாங்கித் தர ஆள் இருக்காது என்று அவன் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டாள். அந்தக் கோபத்தில்தான் வாய் தவறியது.

எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். அறை வாசலில், பழக்கத்தில், இரண்டாவது தவறையும் செய்தாள்.

“வாரேன் பெரியம்மா.”

இந்தப் பக்கத்தில் புறப்படுகிறவர் எவரும் போறேன் என்று சொல்வதில்லை. போறேன் என்றால் ஒரேயடியாகப் போவது. கடைக்குப் போனாலும் கப்பலுக்குப் போனாலும் வாரேன்தான். சாவு வீட்டில் மட்டும் அதையும் சொல்லாமல் எழுந்து நடப்பார்கள். சொன்னால் அந்த வீட்டுக்கு மறுபடியும் அதே காரியத்துக்கு வர நேரும் என்பார்கள். செல்லக்கனி இன்னும் சாகவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

மண்டபத்தில் ஏசி குளிர்ந்தது. மேடையில் பேசியவர் அவர்களைத் தெய்வங்கள் என்றார். தெய்வத்துக்கு முதுகு வலிக்குமா, தெய்வம் மலம் அள்ளிய கையோடு மிக்சர் தின்னுமா என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பிளாஸ்டிக் உறை நாறும் சரிகைச் சால்வையைத் தோளில் போர்த்தியவர் கேமரா வரும்வரை அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது மைக் ஒரு நொடி அடங்கியது. அந்த நிசப்தத்தில், எங்கோ மிக அருகில், காது மடலுக்குப் பக்கத்தில், உஸ்ஸ் என்று ஏறி, ஹா என்று இறங்கியது.

திரும்பினாள். ஸ்பீக்கர் பெட்டி இருந்தது.

கீழே வந்து சால்வையை வைக்கப் பையைத் திறந்தால் போன் திரை முழுக்க முருகேஸ்வரியின் அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டாள். எடுத்ததும் பேச்சில்லை, முருகேஸ்வரி மூக்கை உறிஞ்சும் சத்தமும், அதற்குப் பின்னால் அந்த ஏறி இறங்கும் சத்தமும் மட்டும்.

“வந்துரு” என்றது போன். துண்டித்துக்கொண்டது.

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாத்திகளில் தேங்கிய தண்ணீர் சிவந்து கிடந்தது, உப்புக் குவியல்கள் ஓலை மூடிய முதுகோடு வரிசையாகக் குனிந்திருந்தன, ஹார்பர் பக்கம் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதி நிறுத்தியது. பாதையோரத் தெருவிளக்குகள் எரியவில்லை. கடைசி வீட்டின் முன்னால் பந்தலில்லை, நாற்காலியில்லை, அழுகையில்லை. முருகேஸ்வரி மட்டும் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“வந்துட்டியாளா?”

“என்னக்கா, ஒரு விளக்குகூட ஏத்தாம?”

“கரண்டு போயிட்டு. விளக்கு உள்ள இருக்கு. நான் உள்ள போக மாட்டேன்.”

“பெரியம்மா எப்படி இருக்காவ?”

முருகேஸ்வரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்குக் கீழே தோல் கருத்துத் தொங்கியது. “நீ அங்கிட்டுப் போன கொஞ்ச நேரத்துல மூச்சு நின்னுட்டு. தெருமுனை டாக்டர் வந்து நாடி பாத்தாரு. முடிஞ்சிட்டும்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. கப்பல்ல இருக்க தம்பிக்குத் தகவல் சொல்லிட்டு ஊருக்குச் சொல்லலாம்னு, முதல்ல நான்தான் கால் பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டுனேன். அடுத்து தாடையக் கட்டணும்லா. துணியக் கிழிச்சுக்கிட்டுக் கிட்ட போனேன்.”

உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

“‘வாயக் கட்டாதளா, அந்தப் பிள்ள வாரேன்னிருக்கு, பேசணும்’ங்குது.”

சீனித்தாய் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். “உறக்கம் கெட்டு உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குக்கா.”

“அப்படியே இருக்கட்டும். நீ போய்ப் பாரு.” முருகேஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு ஒரு பொட்டு உறக்கம் வேணும் சீனி. அது பேசிக்கிட்டே இருக்கு. நீ எப்ப வருவன்னு கேட்டுக்கிட்டே இருக்கு.”

அம்மாவை அவள் அது என்றாள்.

முன்னறையைக் கடக்கும்போதே கருப்பட்டி வாசனை வந்தது. இன்று அதில் இனிப்பு மட்டும்தான் இருந்தது. டெட்டாலும் புண்ணும் எங்கேயோ போய்விட்டிருந்தன. அறைக்குள் ஜன்னல் சதுரமாகச் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. கட்டிலில் வெள்ளைத் துணி. அந்தத் துணி மெதுவாக உஸ்ஸ் என்று ஏறியது, ஹா என்று இறங்கியது. அவளுக்கு மூச்சு வந்தது. மோட்டார்தான். மெத்தைதான் தூக்கிப் போடுகிறது. அதைப் பார்த்துத்தான் இந்த அக்கா பயந்திருக்கிறாள். டாக்டர் போன பிறகு அணைக்க மறந்திருப்பாள். அணைத்துவிட்டால் போதும் என்று குனிந்து, கட்டில் காலடியில் மோட்டாரின் பச்சை விளக்கைத் தேடினாள்.

விளக்கு எரியவில்லை.

கரண்டு இல்லை.

மோட்டாரைத் தொட்டாள். ஜில்லென்று, அசையாமல் இருந்தது.

தலைக்கு மேலே உஸ்ஸ் என்றது.

நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. குனிந்தபடியே சொன்னாள்.

“பெரியம்மா. வந்துட்டேன்.”

சத்தம் நின்றது. வீடு முழுக்க நின்றது.

“இருந்தேன்லா?”

பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையின் குரல். பெருமையாக இருந்தது அந்தக் குரல்.

“இருந்தீங்க.”

“கஷ்டமா இருக்குளா இங்கன இருக்கது. எல்லாக் கதவையும் சாத்துன பொறவு வெளிய நிக்க மாதிரி இருக்கு.”

சீனித்தாய் எழுந்தாள். பயந்தால் கைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது இத்தனை வீடுகளில் அவள் கற்றது. பையிலிருந்து சால்வையை எடுத்து உதறினாள். சரிகை இருட்டில் மின்னியது. அதைச் செல்லக்கனியின் தோளிலிருந்து பாதம்வரை போர்த்தினாள். பாதம் கையில் பட்டது. உப்புத் தண்ணீரில் கிடந்த கல்லின் குளிர். இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணிக் கிழிசல் இறுக்கிக் கட்டியிருந்தது.

“நான்தான் வந்துட்டேனே பெரியம்மா. நீங்க போகலாம்.”

“நீ எந்திச்சுப் போகையில வாரேம்ப. அப்ப நான் இருக்கணும்லா.”

அவளுக்குப் புரிந்தது. பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட எவரிடமும் சொல்லாத வார்த்தையை இப்போது சொல்ல வேண்டும். பரீட்சைக்குக் கிளம்பிய காலையில் அம்மாவிடமும் வாரேன் என்றுதான் சொல்லியிருந்தாள். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தாள்.

“பெரியம்மா, நான் போறேன்.”

ஒன்றும் அசையவில்லை.

“இனி வர மாட்டேன். நீங்க இருக்க வேண்டாம். நான் போறேன்.”

வெகு நேரம் கழித்து, துணிக்குள்ளிருந்து, அன்பாக:

“சரிளா. வாரேன்.”

உள்ளே வர மாட்டேன் என்ற முருகேஸ்வரி முன்னறைவரை வந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சீனித்தாய் வெளியே வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதாள். “போயிட்டு வாரேங்காவ. சொல்லிட்டுப் போயிட்டாவல்லா? இனிம பேச மாட்டாவல்லா?” அழுதபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே, வாய் திறந்து, தூங்கிப்போனாள்.

சீனித்தாய் நின்றாள். வாரேன். போகிறவர்கள் சொல்லும் வார்த்தை.

வருகிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள்.

அறைக்குள் ஏர் பெட்டின் பிளாஸ்டிக் உறை நெறுநெறுத்தது. பாரம் இறங்கிய மெத்தை, வெகுநாளைக்குப் பிறகு, முழுசாக மேலெழும் சத்தம்.

ஓடியிருக்கலாம். கதவை இழுத்து வெளியே தாழ் போட்டிருக்கலாம். உள்ளே முருகேஸ்வரி தூங்குகிறாள். நெற்றிச் சுருக்கமெல்லாம் விட்டுப்போய், சின்னப் பிள்ளை மாதிரித் தூங்குகிறாள்.

வாசல் கதவின் இரண்டு பலகையையும் அகலத் திறந்தாள். காற்றில் மூடிக்கொள்ளாமல் கொக்கி மாட்டினாள். ஒதுங்கி வழி விட்டாள். பிறகு படியிறங்கினாள்.

வலது பக்கம் திரும்பினால் அவள் வீடு. அப்பா இருப்பார். தங்கை படித்துக்கொண்டிருப்பாள். இடது பக்கம் உப்பளம். பாத்திகளும் வரப்புகளும், ஆள் இல்லை.

இடது பக்கம் திரும்பினாள்.

பின்னால், சிமெண்டுத் தரையில், ஒரு சத்தம்.

நின்றது.

மறுபடியும். படியில். ஒரே சத்தம்தான். இரண்டு பாதமும் சேர்ந்து விழுகிற ஒற்றைச் சத்தம். அதைத் தொடர்ந்து சரிகைக் குஞ்சம் மண்ணில் இழுபடும் சரசரப்பு.

திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்சம் மெதுவாக நடந்தாள்.