ரமீரோவின் ஒற்றை பூட்ஸ்

காலையில் அம்மா சோளரொட்டி தட்டும்போது சமையலறைச் சுவரிலிருந்து ரமீரோ பேசுவான். "உப்பைப் பார்த்துப் போடும்மா" என்பான். அவள் சிரிப்பாள். அரிசோனாவின் டூசான் நகரில் இப்போது பாதி வீடுகளில் இதே கூத்துதான். செத்தவர்களின் பேச்சையும் நினைவுகளையும் திரட்டிக் குரல்நிழலாக்கி, வீட்டு நெட்வொர்க்கில் இணைத்துவிடுகிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை. தான் செத்துப்போனது நிழலுக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் நிழலுக்குப் புத்தி பேதலித்துவிடுமாம். அப்புறம் அதைத் தயாரித்த நிறுவனமே அதை அழித்துவிடும். ரமீரோ தான் எங்கோ வடக்கே வேலையில் இருந்துகொண்டு வீட்டோடு பேசுவதாக நம்பிக்கொண்டிருந்தான்.

அவனுடைய அக்கா கிராசியேலா சிற்பி. மெக்சிகோ வம்சாவளி, அமெரிக்கப் பிறப்பு. தன்னைச் சிக்கானா என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கர்வம் உண்டு. எல்லைப் பாலைவனத்தில் மாண்டவர்களின் பொருள்களைப் பொறுக்கி வந்து, வீட்டிலிருக்கும் தன் பட்டறை நிறைய நினைவுப் பீடங்கள் கட்டுவாள். செண்டுமல்லி, மெழுகுவர்த்தி, இறந்தவரின் ஏதோவொரு பொருள். உயிரோடு இருப்பவரின் பொருளை அதில் வைப்பது அவர்கள் வீட்டில் ஆகாத காரியம்.

எல்லை தாண்டி வருபவர்களுக்காகப் பாலைவனத்தில் தண்ணீர் வைக்கப் போன ரமீரோ திரும்பவில்லை. தேடிப் போனவர்கள் அவனது ஒற்றை பூட்ஸை மட்டும் கொண்டுவந்தார்கள். அதைக் கிராசியேலா இத்தனை வருடமாகப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தாள். தினமும் பேசுகிறவனை எப்படிப் பீடத்தில் ஏற்றுவது? ஏற்றாமல் எப்படி அழுது தீர்ப்பது? அவள் நெஞ்சு வெந்துகொண்டிருந்தது.

ஒருநாள் மதியம் துணிந்து பூட்ஸைப் பீடத்தில் வைத்துவிட்டாள். கண்காட்சிக்காகப் படமெடுத்த கேமராவை மட்டும் அணைக்க மறந்துபோனாள்; அதுவும் வீட்டு நெட்வொர்க்கில்தான் இருந்தது. பட்டறைச் சுவரிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, அது என் பூட்ஸ்தானே?"

"இல்லடா... அதே மாதிரி வேற ஒண்ணு."

"கிழிஞ்ச இடத்துல கம்பி வச்சுத் தைச்சதே நீதான். எனக்குத் தெரியாதா?"

இன்னொரு பொய்க்கு வாயெடுத்தாள், வரவில்லை. அழுதுவிட்டாள். அந்த அழுகையே பதிலாகிவிட்டது.

அவனுக்குப் புத்தி பேதலித்துவிடுமோ என்று பயந்து கேமராவை அணைக்கப் போனாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்டா."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லிடாதக்கா."

மறுநாள் அடுப்பருகே நின்றபடி, "எப்படா வருவ?" என்று அம்மா கேட்டாள்.

"வெயில் கொஞ்சம் தணியட்டும்மா. கண்டிப்பா வர்றேன்."

குரலில் துளி நடுக்கம் இல்லை. அம்மா சிரித்தாள். கிராசியேலா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உயிரோடு இருந்தவரை அவன் அம்மாவிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.