எத்தனை விசில் ஆச்சு?

ஜனவரி மாதத்துத் தில்லியில் துவரம்பருப்பு லேசில் வேகாது. நான் சும்மா சொல்லவில்லை. ஆர்.கே.புரத்து அரசாங்கக் குடியிருப்பில், பவுனு வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வில், ஒரு மணி நேரம் கொதித்த பிறகும் அது கல்லு மாதிரிக் கிடக்கும். அதற்குள் அப்பாவின் ஆபீஸ் பஸ் வந்துவிடும். பவுனு ரொட்டியும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள்.

1979இல் ஒரு நாள், அம்மா கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க, ஒரு குக்கரு வாங்கோணுமுங்க."

அப்பா ரத்தினவேல் சாப்பிடுவதை நிறுத்தினார். அம்மா அருக்காணி தனக்கென்று எதுவும் கேட்கிறவள் இல்லை. சம்பளப் பாக்கி வந்திருந்ததால் பணமும் கையில் இருந்தது. ஆனாலும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. ஏன் என்று பவுனுவுக்குத் தெரியும்.

அம்மாவுக்குக் காது கேட்காது.

பவுனுவுக்கு நான்கு வயதானபோது அம்மாவுக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, காதும் போய்விட்டது. இப்போது பவுனுவுக்குப் பத்து வயது. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே அம்மா எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள். ஆனால் தமிழ் பேசும் உதடுகள்தான் அவளுக்குப் புரியும். இந்தி புரியாது.

வீட்டில் நன்றாகப் பேசும் அம்மா, வெளியில் வாயே திறக்கமாட்டாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் சில நேரம் சத்தம் கூடிவிடும். கடையில் இருப்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது பவுனு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து லேசாக அழுத்துவாள். 'மெதுவாகப் பேசும்மா' என்று அர்த்தம். அப்படி அழுத்தி அழுத்தியே, அம்மா வெளியில் பேசுவதையே விட்டுவிட்டாள். பவுனுவுக்கு இது வருத்தம்தான். ஆனால் வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"குக்கருல விசில் எண்ணோணும், அருக்காணி," என்றார் அப்பா. "உனக்கு எப்படித் தெரியும்? வெடிச்சுக் கிடிச்சுப் போச்சுன்னா என்ன பண்றது?"

அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பவுனு, தினமும் காலைல நீ அம்மா பக்கத்துல நின்னு விசில் எண்ணிச் சொல்லு. மாசம் ஒரு டப்பா கஜக் வாங்கித் தாரேன்."

எள்ளும் வெல்லமும் சேர்த்துத் தட்டிய கஜக் என்றால் பவுனுவுக்கு உயிர். தில்லிக் குளிரில் அதைவிட நல்ல பண்டம் உண்டா? "அச்சா, சரிங்கப்பா!" என்று குதித்தாள்.

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்படின்னா குக்கரு வேண்டாமுங்க."

பவுனு பின்னாலேயே சமையலறைக்கு ஓடி, அம்மாவின் எதிரில் போய் நின்றாள். "ஏம்மா வேண்டாங்கறே?"

"பச்சைக் கொளந்தைக்குத்தான் காவலு வைப்பாங்க கண்ணு," என்றாள் அம்மா. "இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கறது இந்தச் சமையக்கட்டு ஒண்ணுதான். இங்கயும் எனக்குக் காவலா?"

அம்மாவின் கண் கலங்கியிருந்தது. பவுனுவுக்குக் கஜக் ஆசை அப்போதே பாதி போய்விட்டது.

ஆனால் அப்பா ஒன்றை முடிவு செய்துவிட்டால் விடமாட்டார். சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் கரோல் பாக் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். மாடி வீட்டு ஜலஜா மாமியும் சேர்ந்துகொண்டாள். மாமி வீட்டில் இரண்டு வருஷமாகக் குக்கர் இருக்கிறது. அதனால் குக்கர் விஷயத்தில் அந்தக் குடியிருப்புக்கே மாமிதான் ஹெட்மாஸ்டர்.

பஸ் முழுக்க மாமி பேசிக்கொண்டே வந்தாள். "கவலைப்படாதேள். அவ அடுப்புல வெச்சுட்டு ஒரு குரல் குடுத்தா, நானே மாடியிலேர்ந்து எண்ணிச் சொல்லிடறேன்." மாமியின் மனசு தங்கம். ஆனால் அதை அவள் அப்பாவின் பக்கம் திரும்பித்தான் சொன்னாள். அம்மா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடை பெரியது. ஒரு பக்கம் மிக்ஸிகள், ஒரு பக்கம் இஸ்திரிப் பெட்டிகள், நடுவில் குக்கர்கள் சின்னதும் பெரியதுமாக அடுக்கியிருந்தன. ஒரு மேசை மேல் கேஸ் அடுப்பு இருந்தது. வாங்க வருபவர்களுக்குக் காட்டுவதற்காக, ஒரு குக்கரில் தண்ணீர் ஊற்றி அதில் ஏற்றி வைத்திருந்தார் கடைக்காரர். மப்ளர் சுற்றிய குண்டு மனிதர் அவர்.

"ஆயியே பஹன்ஜி! எத்தனை பேர் வீட்டில்?" என்று வரவேற்றபடியே அவர் அம்மாவைப் பார்த்து இந்தியில் கேட்டார்.

"மூணு பேர்," என்றார் அப்பா.

"சோறு வைப்பீர்களா, பருப்பு மட்டுமா?" இதையும் அம்மாவிடம்தான் கேட்டார்.

"ரெண்டும்தான்," என்றாள் மாமி.

கடைக்காரருக்குக் குழப்பமாகிவிட்டது. அப்பா அவர் காதருகில் குனிந்து ஏதோ சொன்னார். அவர் 'ச்சு ச்சு' என்று தலையை ஆட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி அப்பாவிடம் மளமளவென்று பேசினார்.

அம்மாவுக்குச் சொல் புரியாவிட்டால் என்ன? முகம் புரியாதா? அவள் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள். பவுனு பக்கத்தில் வந்ததும், சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்:

"என்ன கண்ணு சொல்றாரு?"

இந்தக் கேள்விக்கு எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். அப்பாவும் சொல்வார், மாமியும் சொல்வாள், பவுனுவும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்: "ஒண்ணுமில்லம்மா." எல்லாரும் இவ்வளவு நேரம் பேசுகிறார்கள், கேட்டால் ஒன்றுமில்லையாம்!

பவுனு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பதில் அவளுக்கு வரவில்லை.

"காது கேக்காதவங்களுக்குக் குக்கரு ஆகாதுங்கறாரு," என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "பெரிய அலுமினியப் பாத்திரமா எடுத்துட்டுப் போகச் சொல்றாரு. அப்பா யோசிக்கறாரு."

அம்மாவுக்கு முகம் சுருங்கியது. ஆனால் ஒருவர் தன்னிடம் உள்ளதை உள்ளபடி சொன்னதால், அவள் கொஞ்சம் நிமிர்ந்தும் நின்றாள். அப்படியே அடுப்பு இருந்த மேசையருகில் போனாள்.

பெரியவர்கள் மூவரும் விவாதத்தில் இறங்கிவிட்டார்கள். பாத்திரமே போதும் என்றார் அப்பா. குக்கர்தான் வேண்டும், எண்ணுவதற்கு நான் இருக்கிறேன் என்றாள் மாமி. விற்பதா வேண்டாமா என்று தெரியாமல் கடைக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். குக்கர் விசிலடித்தது. அவர்கள் இன்னும் உரக்கப் பேசினார்கள். குக்கர் மறுபடி விசிலடித்தது. மாமி அதைவிட உரக்கப் பேசினாள்.

பவுனு மட்டும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குக்கரின் தலையில் இருந்த குண்டு எழும்பி ஆடி, ஆவி மேலே சீறும் ஒவ்வொரு தடவையும், அம்மாவின் கட்டைவிரல் அடுத்த விரலுக்கு நகர்ந்தது. பவுனுவும் முதல் விசிலிலிருந்தே தன் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு அப்பாவின் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, இப்ப எத்தனை விசில் ஆச்சுங்?"

"என்ன?"

"குக்கருங்கப்பா. எத்தனை விசில் ஆச்சு?"

அப்பா விழித்தார். "ரெண்டு... மூணு இருக்குமா?"

"நாலுன்னா ஆயிடுத்து!" என்றாள் மாமி.

"தோ," என்று இரண்டு விரலைக் காட்டினார் கடைக்காரர். தினமும் அந்தச் சத்தத்திலேயே இருந்து அவருக்கு அது காதில் விழுவதே இல்லை போலிருக்கிறது.

பவுனு அம்மாவின் எதிரில் போய் நின்று கேட்டாள். "அம்மா, எத்தனை விசில் ஆச்சு?"

"அஞ்சு," என்றாள் அம்மா.

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. இஸ்திரிப் பெட்டி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மணிக்கட்டை அழுத்தச் சொல்லி அப்பா கண்ணைக் காட்டினார். பவுனு தன் இரண்டு கைகளையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"அஞ்சுதாங்கப்பா. நானும் எண்ணுனேன். உங்க மூணு பேருக்கும் காது நல்லாத்தான் கேக்குது. ஆனா அம்மாதான் சரியாச் சொன்னாங்க."

மாமி வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஆனாலும் அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. அம்மாவின் எதிரில் வந்தார்.

"அதுக்காக, நாள் பூராவும் அதையே பாத்துட்டு நிக்க முடியுமா அருக்காணி? காய் அரியோணும், ரொட்டி சுடோணும். பயமா இருக்குது எனக்கு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அவர் கோபத்தில் பேசவில்லை, பயத்தில்தான் பேசினார். அது அம்மாவுக்கும் புரிந்தது. அவள் இப்போது கடையைப் பார்க்கவில்லை, திரும்பிப் பார்ப்பவர்களையும் பார்க்கவில்லை.

"ஏனுங்க, நான் தினமும் பால் காச்சறேன். ஒரு நாளாச்சும் பொங்க உட்டிருக்கறனா?"

"இல்ல."

"பால் பொங்கறதை யாருங்க காதுல கேக்கறாங்க?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா தொடர்ந்தாள். "அடுப்புல ஒண்ணு இருந்துதுன்னா என்ற கண்ணு ஒண்ணு அங்கதான் இருக்கும். பருப்பு வாசம் மாறுனா மூக்குக்குத் தெரியும். ஆறு வருசமா இப்படித்தான் ஆக்கிப் போடறேன். இத்தனை நாளா என்னைய யாரும் கேக்கலீங்க. நீங்களே பேசி நீங்களே முடிவு பண்ணிக்கறீங்க."

"அவங்க என்ன சொன்னாங்க?" என்று கடைக்காரர் பவுனுவிடம் ஆவலாகக் கேட்டார். பவுனு பால் விஷயத்தை இந்தியில் சொன்னாள். அவர் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"அரே வா! என் வீட்டில் எல்லாருக்கும் காது கேட்கும். தினமும் பால் பொங்கி அடுப்பில்தான்!"

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்காத்துலேயும் அதே கதைதான்," என்று ஒப்புக்கொண்டாள். பிறகு அம்மாவின் எதிரில் வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் உன்னைக் கேக்காமலேயே பேசிண்டு வந்துட்டேன் அருக்காணி. மனசுல வெச்சுக்காதே," என்றாள்.

அதன் பிறகு கடைக்காரர் அப்பாவின் பக்கமே திரும்பவில்லை. ஒவ்வொரு குக்கராக எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தார். கையால் ஜாடை காட்டி விளக்கினார். ரப்பர் வளையத்தை எப்படிப் பொருத்துவது, குண்டை எப்படி வைப்பது, துவாரம் அடைத்துக்கொண்டால் ஆவி வேறு வழியாக வெளியேற மூடியில் எங்கே அடைப்பான் இருக்கிறது என்று எல்லாவற்றையும் அம்மாவிடமே காட்டினார். அந்த அடைப்பானை அப்பா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டார். அவர் பயம் கொஞ்சம் தெளிந்தது.

அம்மா அவசரப்படவில்லை. மூடியைத் திருகிப் பார்த்தாள். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள். ஒன்றின் அடி மெல்லிசு என்று ஒதுக்கினாள். கடைசியில் ஒன்றைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "இது," என்றாள்.

"இதுவேதான்," என்றார் அப்பா.

பஸ்ஸில் குக்கர் அம்மாவின் மடியில் உட்கார்ந்து வந்தது. மாமி வாங்கிக் கொடுத்த கஜக் பொட்டலம் பவுனுவின் மடியில் வந்தது. விசில் எண்ணும் வேலை போய்விட்டதே என்று மாமி கேலி செய்தாள். பவுனு வாய் நிறைய எள்ளோடு, "பரவாயில்லை மாமி," என்றாள்.

மறுநாள் காலையில் அம்மா குக்கரில் பருப்பை ஏற்றினாள். பவுனு கூடத்துக் கட்டிலிலேயே ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். அப்பாவால்தான் இருக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்க ஒரு தடவை சமையலறைப் பக்கம் போனார். தம்ளரை வைக்க ஒரு தடவை போனார். மூன்றாவது தடவை அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்னுங்க வேணும்?"

"ஒண்ணுமில்..." என்று ஆரம்பித்த அப்பா நிறுத்திக்கொண்டார். "பயந்துட்டு வந்தேன்," என்று உள்ளதைச் சொன்னார்.

"போய் உக்காருங்க. கூப்பிடறேன்."

அப்பா போய்க் கூடத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். விசில் அடித்தது. மறுபடி அடித்தது. அப்பாவின் கால் தானாகவே எழப் பார்த்தது. பவுனு ரஜாய்க்குள்ளிருந்து கையை நீட்டி, அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். மூன்றாவது விசில் அடித்து ஓய்ந்ததும், ஸ்டவ்வை அணைத்த வாடை கூடத்துக்கு வந்தது.

கொஞ்ச நேரத்தில் தட்டுகள் வந்தன. சூடான சோறு, அதன் மேல் பருப்பு, அதன் மேல் நெய். பருப்பு விரலில் பட்டதும் குழைந்தது.

அப்பா முதல் கவளத்தை விழுங்கினார். தலையை நிமிர்த்தி, அம்மா தன் உதட்டைப் பார்க்கும் வரை காத்திருந்தார்.

"நல்லா வெந்திருக்குது, அருக்காணி."

"தெரியுமுங்க," என்றாள் அம்மா. இன்னொரு கரண்டி பருப்பை அவர் தட்டில் ஊற்றினாள்.