மூன்றாவது ஹாரன்

விசா கிடைக்காது என்று தெரிந்த அன்றே, ஐரோப்பாவை விழுப்புரம் மாவட்டத்துக்குள் கொண்டுவந்துவிடுவதென்று நண்பர்கள் மூவரும் முடிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கோட்டக்குப்பத்திலிருந்து மூன்று பைக்குகள் கிளம்பின. வானூர் பிரான்ஸ் ஆனது. செஞ்சிப் பாறைகள் ஆல்ப்ஸ், மேல்மலையனூர் ரோமாபுரி. திண்டிவனத்தில் பரோட்டா தின்ற புகழேந்தி, ஜெர்மனியில் சால்னா பிரமாதம் என்று கடைக்காரரிடம் முகம் மாறாமல் சொன்னான்.

முன்னால் ரபீக். நடுவில் புகழேந்தி. கடைசியில் யாஹ்யா, ரபீக்கின் தங்கை அப்ஸானாவைக் கட்டியவன். அவளுக்கு இது ஏழாம் மாதம். கணவனைப் பத்திரமாகக் கூட்டி வரும்படி காலையில் அண்ணனிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

திரும்பிப் பார்க்காமல் ஓட்ட அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. ரபீக் ஹாரன் அடிப்பான். புகழேந்தி பதில் அடிப்பான், பிறகு யாஹ்யா. மூன்றாவது ஹாரன் கேட்டால் எல்லோரும் வருகிறார்கள் என்று அர்த்தம்.

ஒலக்கூர் போகும் ஏரிக்கரைச் சாலையில் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மழை விட்ட மல்லாட்டைக் கொல்லைகளில், கடலைச் செடிகளுக்கு அடியிலிருந்து ஈரமண் வாசனை வந்தது. தண்ணீர் கறுத்துக் கிடந்தது. இது சுவிட்சர்லாந்து என்று ரபீக் கத்தினான். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தான்.

ஒவ்வொரு வளைவிலும் மூன்றாவது ஹாரன் கேட்டது.

ஒலக்கூர் டீக்கடையில் இருவர்தான் வந்து நின்றார்கள். யாஹ்யாவின் போன் பவர் பேங்கில் சார்ஜ் ஏறிக்கொண்டு புகழேந்தியின் பையில் கிடந்தது. ரபீக் ஹாரன் அடித்தான். இருட்டத் தொடங்கியிருந்த சாலையிலிருந்து பதில் வந்தது. சிரித்துக்கொண்டே டீ சொன்னார்கள். டீ ஆறியது. மறுபடி அடித்தான். பதில் அதே தூரத்திலிருந்து வந்தது.

அது நெருங்கவே இல்லை.

வந்த வழியே பைக்குகளை விரட்டினார்கள். ஏரிக்கரையில் நின்று ரபீக் அடித்தபோது, பதில் ஹாரன் இப்போது ஒலக்கூர்ப் பக்கமிருந்து, அவர்கள் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"பைக்கைத் திருப்பு," என்றான் ரபீக்.

"வேணாம்டா." புகழேந்தி கரைச் சரிவை எட்டிப் பார்த்தான். "இங்க பெட்ரோல் வாசன அடிக்குது பாரு."

கரைச் சரிவில் கோரைப்புல் மடங்கியிருந்தது. செல்போன் வெளிச்சத்தில் யாஹ்யாவின் பைக் தெரிந்தது. எஞ்சின் சில்லிட்டிருந்தது. முன்பக்கம் நசுங்கி, ஹாரன் ஒயரோடு பிய்ந்து சேற்றில் கிடந்தது.

மேலே சாலையில் மறுபடி ஹாரன் கேட்டது.

இந்த முறை ரபீக் ஹாரன் அடித்துக் கூப்பிடவே இல்லை.

பைக்கின் அடியில் யாஹ்யா மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். புகழேந்தி ஆம்புலன்ஸுக்கு அழைத்தான். ரபீக் மச்சானின் தலையை மடியில் ஏந்தி, அப்ஸானா பெயரைச் சொல்லித் தூங்காதே தூங்காதே என்று கெஞ்சினான்.

"தனியா இல்ல மச்சான்," என்று யாஹ்யா முனகினான். "கூடவே உக்காந்துக்கினு இருந்தாரு. உங்களக் கூப்பிடச் சொன்னேன். அவங்க போவட்டும், நானே ஹாரன் அடிச்சிடறேன்னாரு."

"யாருடா?"

யாஹ்யாவின் கண்கள் மூடிக்கொண்டன.

ஆம்புலன்ஸ் வந்தது. திண்டிவனம் நோக்கி விரைந்த வண்டிக்குள் ரபீக் அவன் வலக்கையைப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டே இருந்தான். நாடி தேறுகிறது, பிழைத்துக்கொள்வான் என்றாள் நர்ஸ் வெண்ணிலா. ரபீக்குக்கு அழுகை வந்தது.

ஊசி போட இடக்கையைத் தூக்கப் போனவள் நின்றாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள். கை படுக்கையை விட்டு எழவில்லை.

யாஹ்யா கண் திறந்தான்.

"மச்சான், அந்தப் பக்கம் இருக்கறவர எறங்கச் சொல்லு. ஜல்தி."

அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஈரமான அவன் இடது மணிக்கட்டில் மட்டும், விரல் விரலாகப் பள்ளம் விழுந்து, மெல்ல இறுகிக்கொண்டிருந்தது.